செவோர் நாட்குறிப்பு: வேலியில்லாத காட்டில் எருமைத் தடம்

புறப்படும் முன்

ஆப்பிரிக்க வேட்டைப் பயணம் என்று தேட ஆரம்பித்தால் முதலில் வந்து விழுவது விலைப்பட்டியல்கள். ஏழு நாள், ஐந்து விலங்கு, இத்தனை டாலர், வெற்றி நிச்சயம். 'வெற்றி நிச்சயம்' என்று கண்ணில் பட்டதுமே அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். நிச்சயமாகக் கிடைக்கும் என்று ஒருவர் எழுதிக் கொடுக்கிறார் என்றால், அந்த விலங்கு எங்கேயோ அடைபட்டுக் கிடக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் 1991-ல் வந்த ஒரு சட்டம், முறையாக வேலியிட்ட நிலத்தில் உள்ள காட்டு விலங்குகளை நில உரிமையாளரின் சொத்தாக்கியது. அதற்குப் பிறகு தனியார் வேட்டைப் பண்ணைகள் பெருகின. அவற்றில் பல்லாயிரம் ஏக்கர் பரப்பில் விலங்குகள் தலைமுறை தலைமுறையாக வாழும் நல்ல பண்ணைகளும் உண்டு. போன வாரம் ஏலத்தில் வாங்கி இறக்கிவிட்ட எருமையை இந்த வாரம் காட்டும் இடங்களும் உண்டு. புகைப்படத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பழைய முறை வேட்டை வேண்டுமானால், அதாவது வேலியில்லாத நிலத்தில் தடம் பார்த்து நடந்து போகும் வேட்டை, தேட வேண்டிய இடங்கள் குறைவு. தான்சானியாவின் செலூஸ் பகுதி, மொசாம்பிக்கின் நியாசா (42,000 சதுர கி.மீ.), அதே நாட்டில் ஸாம்பேஸி முகத்துவாரத்தை ஒட்டிய 'கௌதாதா' வேட்டைப் பகுதிகள், ஸாம்பியாவின் லுவாங்குவா பள்ளத்தாக்கு, நமீபியாவின் வடகிழக்கு மூலை, 2019-ல் தடையை நீக்கிய போட்ஸ்வானா, பிறகு ஜிம்பாப்வேயின் ஸாம்பேஸி பள்ளத்தாக்கு. கென்யாவில் 1977 முதல் வேட்டை கிடையாது. அங்கே ஏற்பாடு செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் அது மோசடி.

இந்தக் குறிப்புகள் ஜிம்பாப்வேயின் செவோர் பகுதிக்கானவை. 3,390 சதுர கி.மீ. காடு. மானா பூல்ஸ் தேசியப் பூங்கா, சாப்பி, செவோர் மூன்றும் சேர்ந்து 1984-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியத் தலமாயின. சுற்றி வேலி எங்குமே இல்லை. கிழக்கே டாண்டே என்ற இன்னொரு வேட்டைப் பகுதி, வடக்கே ஸாம்பேஸி ஆறு, அக்கரையில் ஸாம்பியா. எருமைக்குப் பிடிக்கவில்லை என்றால் அது நாடு விட்டு நாடு போய்விடும்.

முன்பணம் கட்டுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். நிலத்தின் பெயர் என்ன, பரப்பு எவ்வளவு, எந்தப் பக்கமாவது வேலி உண்டா? அந்த நிலத்தில் இந்த ஆண்டு வேட்டைக்கு ஒதுக்கிய எருமை எத்தனை, அதில் எத்தனை ஏற்கெனவே விற்றாயிற்று? கூட வரப்போகும் தொழில்முறை வேட்டைக்காரரின் பெயர் என்ன? ஜிம்பாப்வேயில் அந்த உரிமம் லேசில் கிடைப்பதில்லை. எழுத்துத் தேர்வு, சுடும் தேர்வு, பல ஆண்டுப் பயிற்சி, கடைசியில் காட்டிலேயே நடக்கும் செயல்முறைத் தேர்வு என்று எல்லாவற்றையும் கடந்துதான் ஒருவர் அதை வாங்குகிறார். ஒப்பந்தத்தில் அவர் பெயர் இல்லையென்றால், சீசன் நெருக்கடியில் யார் கையில் ஒப்படைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியாது.

கடந்த மூன்று ஆண்டுகளில் வந்துபோன விருந்தினர்களின் தொடர்பும் கேளுங்கள். எதுவும் சுடாமல் திரும்பிய இரண்டு பேரையாவது பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். அந்த இரண்டு பேர் சொல்வதில்தான் உண்மை இருக்கும். முகாம் எப்படி, வண்டி பழுதானால் என்ன செய்தார்கள், பத்தாம் நாளும் விடியற்காலையில் எழுப்பினார்களா என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

பணக் கணக்கு இப்படி. நாள் கட்டணம் ஒன்று, விலங்குக் கட்டணம் இன்னொன்று. 10 நாள் எருமை வேட்டை பொதுவாக 15,000 முதல் 25,000 டாலர் வரை வரும். விமானம், சிறு விமானம், தோல் பதப்படுத்தல், கப்பல் செலவு எல்லாம் தனி. இரண்டு இடங்களில் ஏமாறுவார்கள். ஒன்று, 'நிலையான ஒதுக்கீடு' என்ற வரி: சில விலங்குகளுக்கு, சுட்டாலும் சுடாவிட்டாலும் கட்டணம் கட்ட வேண்டும். யானை, சிங்க ஒப்பந்தங்களில் இதைப் பார்க்கலாம். இன்னொன்று, காயம் பட்டுத் தப்பிய விலங்கு. ஒரு சொட்டு ரத்தம் தரையில் விழுந்தாலும் முழுக் கட்டணம். இது நியாயமான விதி, எல்லா நல்ல நிலங்களிலும் இருக்கிறது. தெரிந்து போக வேண்டும், அவ்வளவுதான்.

நாள்களைக் குறைக்காதீர்கள். ஏழு நாளில் எருமை கிடைக்கும் என்பார்கள், கிடைக்கவும் கிடைக்கும். ஆனால் ஐந்தாம் நாள் அவசரம் வந்துவிடும். அவசரத்தில்தான் இளங்காளையைச் சுடுவது, தூரத்திலிருந்து சுடுவது எல்லாம் நடக்கும்.

நாள் 1: ஹராரே

விமான நிலையத்தில் துப்பாக்கிக்குத் தற்காலிக இறக்குமதி அனுமதி. படிவத்தில் வரிசை எண், காலிபர் (குழல் விட்டம்), தோட்டா எண்ணிக்கை மூன்றும் துப்பாக்கியோடும் பெட்டியோடும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஒரு எண் மாறினாலும் அங்கேயே உட்கார வேண்டியதுதான். ஒவ்வொருவருக்கும் 5 கிலோ தோட்டாவுக்கு மேல் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள். தோட்டா தனிப் பூட்டுப் பெட்டியில் இருக்க வேண்டும். 40 தோட்டா போதும், 2 கிலோவை ஒட்டித்தான் வரும். ஜோகன்னஸ்பர்க்கில் இறங்கி இரவு தங்குவதாக இருந்தால் தென்னாப்பிரிக்கக் காவல்துறையின் எஸ்.ஏ.பி.எஸ். 520 படிவமும் தேவைப்படும்.

எருமைக்கு ஜிம்பாப்வே சட்டம் கேட்பது குறைந்தது 9.2 மி.மீ. விட்டம், 5.3 கிலோஜூல் ஆற்றல். .375 ஹெச் அண்ட் ஹெச் என்ற தோட்டா வகை இந்த அளவைத் தாண்டிவிடும். 300 கிரெய்ன் (சுமார் 19 கிராம்) குண்டுக்கு ஏறத்தாழ 5.7 கிலோஜூல். பலர் சறுக்குவது 9.3x62 வகையில். விட்டம் சரியாக இருக்கும், ஆனால் கடையில் கிடைக்கும் சாதாரணத் தோட்டாவின் ஆற்றல் 4.8 கிலோஜூலை ஒட்டித்தான் வரும். இன்னும் பெரிய .416 ரிக்பி கைக்கு அடங்குமானால் நல்லது. உதைக்குப் பயந்து கண்ணை மூடிச் சுடுபவருக்கு .416-ஐ விட .375 எவ்வளவோ மேல். இந்தியாவிலிருந்து துப்பாக்கி எடுத்துவருவது பெரும் பாடு, முகாம் துப்பாக்கியை வாடகைக்கு எடுப்பதே சுலபம். ஆனால் அதன் காலிபரையும், குறிபார்க்க மேலே பொருத்திய தொலைநோக்கியையும் முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொன்று: ராணுவ உருமறைப்பு உடை ஜிம்பாப்வேயில் பொதுமக்களுக்குச் சட்டவிரோதம். தொப்பியில் இருந்தால்கூட. ஊரிலேயே வைத்துவிட்டு வாருங்கள். கறுப்பும் கருநீலமும் வேண்டாம், காரணம் மூன்றாம் நாள் குறிப்பில்.

நாள் 2: மலைச்சரிவில் இறங்குதல்

மஸோவே, ம்வுர்வி, குருவே. குருவே வரை தார்ச்சாலை, இருபக்கமும் பண்ணைகள். ஹராரே கிட்டத்தட்ட 1,490 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குருவேயைத் தாண்டிச் சரிவு தொடங்கும்போது ஸாம்பேஸி பள்ளத்தாக்கு முழுவதும் சாம்பல் பூத்த மாதிரி கீழே விரிகிறது. இறங்க இறங்க வெக்கை ஏறும். அடியில் 400 மீட்டர்தான். முஷும்பி பூல்ஸ், அங்குவா பாலம், அதன்பின் மணலும் கல்லும். ஒரு பகல் முழுக்கப் பயணம். ஓட்டுநரிடம் கூடுதல் டயர் இரண்டு இருக்கிறதா என்று ஹராரேயிலேயே பார்த்துவிட வேண்டும். சில்லறையாக டாலர் நோட்டு வேண்டும், 1, 5, 10 என்று. வழியில் யாரிடமும் மீதிச் சில்லறை இருக்காது.

செவோரின் எல்லையை ஒட்டி மசோக்கா என்ற ஊர். ஷோனா மொழியின் கோரேகோரே வழக்குப் பேசும் மக்கள். மக்காச்சோளமும் பருத்தியும் பயிர். ஊரை நெருங்கும்போது ஒரு மின்வேலி தெரியும். வேலியில்லாத காடு என்று சொல்லிவிட்டு இது என்ன என்று தோன்றும். இந்த வேலி அடைத்து வைத்திருப்பது மனிதரையும் வயலையும். யானை வெளியே, சோளம் உள்ளே. வேட்டைக் கட்டணத்தில் ஊருக்கு வந்த பங்கிலிருந்து போட்ட வேலி அது. பள்ளிக்கூடமும் மருத்துவ நிலையமும் அதே பணத்தில் வந்தவை. இதைப் பற்றி ஒன்பதாம் நாள்.

நாள் 3: துப்பாக்கி சரிபார்ப்பு, செட்சி ஈ

காலையில் முதல் வேலை சுட்டுப் பார்ப்பது. விமானப் பெட்டி எப்படி விழுந்து புரண்டதோ, தொலைநோக்கி நகர்ந்திருக்கலாம். மேசையில் சாய்த்து வைத்து 50 மீட்டரில் மூன்று குண்டு. அதன்பின் மேசையை மறந்துவிடலாம். மீதிப் பயிற்சி எல்லாம் முக்கோலில்தான்: மூன்று குச்சியை மேலே கட்டி விரித்த தாங்கி. அதில் நின்றபடி துப்பாக்கியை வைத்துச் சுட்டு, போல்ட்டை (அடுத்த தோட்டாவை ஏற்றும் கைப்பிடி) இழுத்து உடனே இரண்டாவது. போல்ட்டை இழுக்கும்போது துப்பாக்கியைத் தோளிலிருந்து இறக்குபவர்தான் காட்டில் இரண்டாவது குண்டைத் தவறவிடுவார். ஊரிலேயே காலித் தோட்டாவை வைத்து இதை நூறு முறை செய்துவிட்டு வந்தால், இங்கே தோள் வலியோடு கற்க வேண்டியதில்லை.

தொலைநோக்கி 1.5 மடங்கில் நிற்கட்டும். இங்கே சுடும் தூரம் 30 முதல் 80 மீட்டர். 8 மடங்கில் வைத்துவிட்டு எருமையைத் தேடினால் கண்ணாடி முழுக்கக் கறுப்பு ரோமம்தான் தெரியும், எந்தப் பக்கம் தலை என்று தெரியாது.

செட்சி ஈயைப் பற்றிச் சொல்லாமல் இந்தப் பள்ளத்தாக்கைப் பற்றி எழுத முடியாது. நம் வீட்டு ஈயைவிடச் சற்றுப் பெரியது, இறக்கை ஒன்றன்மேல் ஒன்றாகக் கத்தரிக்கோல் மாதிரி மடங்கியிருக்கும். சட்டைக்கு மேலேயே குத்தும். ஓடும் வண்டியைத் துரத்தும். நீலமும் கறுப்பும் அதற்கு அழைப்பு மாதிரி, அதைப் பிடிக்க வைக்கும் பொறிகளே அந்த நிறத்தில்தான் இருக்கும். கொசு மருந்து பெரிதாக உதவாது. காக்கி நிறத்தில் தடித்த துணி, நீளக்கை, அதுதான் வழி. இந்த ஈ தூக்க நோயைப் பரப்பும். குத்திய இடம் சிவந்து புண்ணாக வீங்குவது, அதோடு காய்ச்சல். ஊர் திரும்பி மூன்று வாரத்துக்குள் இப்படி வந்தால் மருத்துவரிடம் முதல் வாக்கியமாக 'ஸாம்பேஸி பள்ளத்தாக்கில் செட்சி ஈ கடித்தது' என்று சொல்லுங்கள். சொல்லாவிட்டால் மலேரியாவை மட்டும் தேடிக்கொண்டிருப்பார்கள். மலேரியா மாத்திரையும் கட்டாயம், புறப்படும் முன்பே தொடங்க வேண்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்த ஈ மாட்டைக் கொல்லும். அதனால்தான் இந்தப் பள்ளத்தாக்கு மேய்ச்சல் நிலமாகாமல் காடாகவே தங்கியது.

நாள் 4: தடம்

4.30-க்கு எழுந்தாயிற்று. செப்டம்பர் மத்தி, மோப்பானி மரங்கள் இலை உதிர்த்துவிட்டன. மழைக்குளங்கள் பெரும்பாலும் வற்றி, தண்ணீர் சில இடங்களில்தான். அதனால் தேடுவது எளிது, நடப்பது கஷ்டம். மே, ஜூனில் வந்தால் குளிர்ச்சி, ஆனால் ஆளுயரப் புல்.

எருமை இரவில் தண்ணீர் குடிக்கும். விடியலில் நீர்த்துறைகளைச் சுற்றி வந்து தடம் தேடுவதுதான் வேலையின் தொடக்கம். பெரிய மந்தையின் தடம் உழுத வயல் மாதிரி இருக்கும். அது வேண்டாம். தேடுவது இரண்டு முதல் ஐந்து வரை தனியாகத் திரியும் கிழட்டுக் காளைகளை. 'டக்கா பாய்' என்பார்கள். 'டக்கா' என்றால் சேறு. எந்நேரமும் சேற்றில் புரண்டு காய்ந்த மண்ணோடு திரிவதால் வந்த பெயர். ஷோனாவில் எருமைக்கு 'ந்யாட்டி'.

இன்று ஒரு குளக்கரையில் மூன்று காளைகளின் தடம். முன்குளம்பு பின்குளம்பைவிடப் பெரிதாகவும் வட்டமாகவும் பதிந்திருக்கிறது. புதிதா பழசா என்று சொல்வதற்குத் தடம்பார்ப்பவர் குனிந்து பார்த்த விஷயங்கள் இவை. குளம்பின் விளிம்பு கூர்மையாக நிற்கிறதா, காற்றில் உதிர்ந்திருக்கிறதா. தடத்தின் மேல் இரவில் ஊரும் பூச்சியின் கோடு ஓடுகிறதா. ஓடினால் தடம் அதற்கு முந்தியது. மிதிபட்ட புல் இன்னும் நிமிராமல் கிடக்கிறதா. சாணத்தைக் கால்விரலால் கிளறினார். மேலே பொருக்கு, உள்ளே ஈரம், கைக்குச் சூடு. வண்டுகள் இப்போதுதான் வந்திருக்கின்றன. இரண்டு மணி நேரம் பழசு என்று முடிவானது.

வரிசை இப்படி: முன்னால் தடம்பார்ப்பவர், அடுத்து வேட்டைக்காரர், அவர் பின்னால் விருந்தினர், இன்னொரு தடம்பார்ப்பவர், பூங்காத் துறைக் காவலர், தண்ணீர் தூக்குபவர். பேச்சில்லை. மெல்லிய சீட்டி, புல் குச்சியால் சுட்டுதல், அவ்வளவே. ஒரு துணிப்பையில் அடுப்புச் சாம்பல். அதை ஒரு தட்டுத் தட்டினால் புகை போகும் பக்கம் காற்று. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை தட்டுவார்கள்.

11 மணிக்குக் காற்று திரும்பியது. பின்கழுத்தில் குளிர்ச்சி பட்ட அந்த நொடியிலேயே முன்னால் புதரில் ஒரு மூச்சு, குளம்புச் சத்தம், பிறகு ஒன்றுமில்லை. 14 கி.மீ. நடந்த தடம் அதோடு முடிந்தது. மோப்பம் பிடித்து ஓடிய காளையை அன்றே பின்தொடர்வது வீண். பல கிலோமீட்டர் ஓடும், பயம் தெளியாது. விட்டுவிட்டுத் திரும்புவதே முறை.

நாள் 5

தடம் கிடைத்தது, ஜெஸ் புதருக்குள் போனது. ஜெஸ் என்பது இந்தப் பள்ளத்தாக்கின் அடர்ந்த முட்புதர்க் காடு. பத்து மீட்டருக்கு மேல் பார்வை போகாது. உள்ளே எருமையோடு பெண் யானையும் குட்டியும் இருந்த தடயம். சுற்றி நடந்து மறுபக்கம் வெளியே வந்த தடம் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு திரும்பினோம். உள்ளே போகவில்லை. நல்ல வேட்டைக்காரரை அடையாளம் காண இந்த ஒரு முடிவு போதும்.

நாள் 6

40 டிகிரி. வேறொன்றும் எழுதுவதற்கில்லை. மூன்று லிட்டர் தண்ணீர் போதவில்லை, நாலரை வேண்டும். விதைமுள் காலுறைக்குள் போகாமலிருக்கக் கணுக்காலுறை அவசியம். புதுச் செருப்பு, புது பூட்ஸ் எதையும் இங்கே வந்து பழக்காதீர்கள்.

நாள் 7: சுடுதல்

காலை 6.20-க்கு நான்கு காளைகளின் தடம். 9.40-க்கு மோப்பானி நிழலில் அவை படுத்திருந்தன. படுக்கும் எருமை வந்த வழியில் காற்று வரும்படி படுக்கும், பின்னால் வருபவனின் வாடை தானாக அதன் மூக்குக்கு வந்து சேரும். அதனால் கடைசி 300 மீட்டரைத் தடத்தை விட்டு விலகிப் பக்கவாட்டில் வளைத்து வர வேண்டியிருந்தது. இரண்டு மணி நேரம் ஆனது. எருமையின் முதுகில் உண்ணி தின்னும் குருவிகள் இருந்தால் இன்னும் மெதுவாக. அவை கத்திப் பறந்தால் எல்லாம் முடிந்தது.

எந்தக் காளை? நெற்றியில் இரண்டு கொம்பும் சேரும் தடித்த மேட்டை 'பாஸ்' என்பார்கள். அது முழுக்கக் கெட்டிப்பட்டு, நடுவில் ரோமமில்லாமல், தேய்ந்து கிடந்தால் முதிர்ந்த காளை. மேட்டின் நடுவே ரோமமோ மென்மையோ தெரிந்தால் இன்னும் மந்தையில் இனம் பெருக்க வேண்டிய வயது, கொம்பு எத்தனை அகலமானாலும் தொடக் கூடாது. அளவு நாடா வைத்திருப்பவர்களுக்கு 40 அங்குலம் பெரிது. இந்தக் காட்டை நேசிப்பவர்களுக்குத் தேய்ந்து முனை உடைந்த 34 அங்குலக் கிழவன் பெரிது. இன்று தேர்ந்தது அப்படி ஒன்று. இடது கொம்பு முனையில் ஒரு சாண் இல்லை, காது கிழிந்து தொங்கியது.

எங்கே சுட வேண்டும் என்பதில்தான் அதிகத் தவறு நடக்கிறது. எருமையின் தோளுக்கு மேலே முதுகெலும்பின் நீட்சிகள் உயர்ந்து நிற்பதால் உடல் இருப்பதைவிட உயரமாகத் தெரியும். உடலின் நடுவைக் குறிவைத்தால் குண்டு இதயத்துக்கு மேலே போய்விடும். மான் வேட்டைப் பழக்கத்தில் தோளுக்குப் பின்னால் சுட்டால் இரைப்பைக்குப் போகும். பக்கவாட்டில் நிற்கும்போது முன்னங்காலின் நடுக்கோட்டிலேயே மேலே வந்து, உடல் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கில் நிறுத்த வேண்டும். எதிரே முகம் காட்டி நின்றால் கழுத்து நெஞ்சோடு சேரும் குழி. பின்னால் இன்னொரு எருமை நின்றால் சுடவே கூடாது. குண்டு துளைத்துப் போய் இரண்டாவதையும் காயப்படுத்தும்.

எழுந்து நிற்கும் வரை காத்திருந்தார்கள். 12.15-க்குக் கிழவன் எழுந்தது, 45 மீட்டர். முதல் குண்டு விரிந்து பரவும் வகை, அடுத்தவை ஊடுருவும் திண்மக் குண்டுகள். முதல் குண்டு பட்டதும் முதுகைக் கூனியது, அது நல்ல அடையாளம். ஓடும்போது இரண்டாவது. 70 மீட்டர் தள்ளிப் புதருக்குள் மறைந்தது.

அதன்பின் யாரும் அசையவில்லை. கால் மணி, அரை மணி. இந்தக் காத்திருப்பைக் குறைப்பவர்கள்தான் அடிபடுகிறார்கள். காயம்பட்ட காளை சுற்றி வந்து தன் தடத்தின் ஓரத்திலேயே மறைந்து நிற்கும். ரத்தம் பேசும்: இளஞ்சிவப்பில் நுரையோடு இருந்தால் நுரையீரல், கருஞ்சிவப்பு என்றால் ஈரலோ தசையோ, பச்சை நீர் கலந்திருந்தால் வயிறு, அன்றைக்கு நீண்ட நாள். இன்று நுரை. உள்ளிருந்து நீண்டு இழுத்த ஒரு முனகல் கேட்டது. சாகும் எருமையின் அந்தக் குரலைக் கேட்டால் தெரிந்துவிடும், ஆனாலும் நம்பிக் கிட்டே போகக் கூடாது. பின்பக்கமாக நெருங்கி, இன்னொரு குண்டு. பிறகு நீண்ட குச்சியால் திறந்த கண்ணைத் தொட்டுப் பார்த்தார் தடம்பார்ப்பவர். இமை அசையவில்லை.

அவர் குனிந்து அதன் தொடையில் ஒரு நிமிடம் கையை வைத்திருந்தார். கிழிந்த காதில் பழைய சிங்க நகத்தின் தழும்பு, நான்கு கோடு.

நாள் 8: தோல், மண்டை, இறைச்சி

700 கிலோ காளையில் பாதி எடைக்குக் குறையாமல் இறைச்சியும் உண்ணத்தக்க உறுப்புகளும் தேறும். ஒன்றும் வீணாவதில்லை. குடல், தலைக்கறி, கால் எல்லாவற்றுக்கும் முகாமில் உரிமைக்காரர்கள் உண்டு. மெல்லிய பட்டையாக அரிந்து உப்பு, மிளகு, இடித்த மல்லி, வினிகர் போட்டு நிழலில் காற்றாட நாலைந்து நாள் தொங்கவிட்டால் பில்டாங். நம் உப்புக்கண்டத்தின் பெரியப்பா மகன்தான், வெயிலில் காயவைப்பதில்லை என்பது ஒன்றே வித்தியாசம். மாலையில் 'சட்சா' என்ற மக்காச்சோளக் களியோடு எருமைக் குழம்பு. கையால் உருட்டிக் குழித்துத் தொட்டுச் சாப்பிடுவது, நம்மூர்க் களி மாதிரியேதான்.

தோல் கெடுவது முதல் 24 மணி நேரத்தில். காது, உதடு, கண்ணிமை மூன்றையும் உட்புறம் பிரித்துவிட வேண்டும். அங்கே உப்பு ஏறாவிட்டால் ரோமம் கழன்றுவிடும், எந்தப் பதனிடுபவராலும் ஒட்ட முடியாது. நயமான தூள் உப்பு, தோலின் எடைக்குச் சமமாக. கல்லுப்பு உள்ளே இறங்காது. மறுநாள் பழைய உப்பை உதறிவிட்டுப் புது உப்பு. வெயில் படவே கூடாது. மண்டையை வேகவைத்துக் கொம்பை உள்ளெலும்பிலிருந்து கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே புழு தங்கி மாதக்கணக்கில் நாறும். வெளுக்க ப்ளீச் வேண்டாம், எலும்பைப் பொடியாக்கும்.

இந்திய வாசகர்களுக்கு ஒன்று. 1972-ன் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நம் நாட்டில் வேட்டையைத் தடுத்தது மட்டுமில்லை, வனவிலங்குப் பொருள் இறக்குமதி விதிகளும் மிகக் கடுமை. கொம்பையும் தோலையும் சென்னைக்கு அனுப்பிவைக்கலாம் என்று நினைக்காதீர்கள். படம் எடுத்துக்கொண்டு மற்றதை இங்கேயே விட்டுவிடுங்கள்.

நாள் 9: மசோக்கா

1975-ன் பூங்கா மற்றும் வனவிலங்குச் சட்டம் தனியார் நில உரிமையாளர்களுக்கு விலங்கின் பயனைக் கொடுத்தது. கிராமங்களுக்கு அந்த உரிமை வந்தது பின்னால்தான். 1988-ல் ந்யாமிந்யாமி, குருவே என்ற இரண்டு மாவட்டங்கள் முதலில் பெற்றன. மறுவருடம், வனவிலங்கு வருமானத்தைக் கிராமங்களோடு பகிரும் 'கேம்ப்ஃபையர்' திட்டம் தொடங்கியது. 2007-ல் திருத்திய விதிப்படி, கிராமப் பொதுநிலத்தில் நடக்கும் வேட்டை வருமானத்தில் 55 சதவீதம் வார்டுக்கு நேராகப் போக வேண்டும். 26 சதவீதம் மாவட்டக் கவுன்சிலின் வனவிலங்கு மேலாண்மைக்கு, 15 சதவீதம் கவுன்சில் வரி, 4 சதவீதம் கேம்ப்ஃபையர் சங்கத்துக்கு. செவோர் அரசு வேட்டை நிலம் என்பதால் அதன் கட்டணம் பூங்காத் துறைக்கு. மசோக்காவின் பங்கு டாண்டே பக்கத்து வேட்டையிலிருந்து. இந்த வித்தியாசத்தை எந்த விளம்பரமும் சொல்வதில்லை. 'உங்கள் பணம் ஊருக்குப் போகிறது' என்று எழுதியிருந்தால், எந்த நிலத்திலிருந்து எந்த வார்டுக்கு என்று கேளுங்கள். ஊருக்கு வந்ததும் வார்டுக் குழுவினரிடமும் கேளுங்கள். கடைசியாக எந்த மாதம் பணம் வந்தது என்று அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். தாமதம் என்பதுதான் இந்தத் திட்டத்தின் மாறாத நோய்.

யானை மிதித்த சோளக்கொல்லை ஒன்று வேலிக்கு வெளியே கிடந்தது. ஒரே இரவு, ஒரு குடும்பத்தின் ஓராண்டுச் சாப்பாடு. வேட்டை வேண்டாம் என்று வெளியிலிருந்து சொல்பவர்கள் அந்தக் கொல்லையின் ஓரத்தில் ஒரு காலை நின்று பார்க்க வேண்டும். வேட்டைதான் எல்லாவற்றையும் காப்பாற்றுகிறது என்று சொல்பவர்களும் நிற்க வேண்டும், அந்த வீட்டுக்கு இழப்பீடாக என்ன வந்தது என்று கேட்க வேண்டும். 1980-களில் இந்தப் பள்ளத்தாக்கில் திரிந்த கறுப்புக் காண்டாமிருகங்களைக் கள்ள வேட்டை துடைத்துவிட்டது. காவலர் நடக்காத காட்டில் என்ன நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. காவலரின் சம்பளம், டீசல், பூட்ஸ் எல்லாவற்றுக்கும் யாராவது பணம் தர வேண்டும்.

நாள் 10: புறப்பாடு

காலையில் டி.ஆர். 2 படிவம். ஜிம்பாப்வேயில் ஒவ்வொரு வெளிநாட்டு வேட்டைக்கும் இதை நிரப்ப வேண்டும். எத்தனை நாள், எந்த நிலம், எந்த விலங்கு, எவ்வளவு கட்டணம், கொன்றது எது, காயப்படுத்தியது எது. இதுதான் ஒதுக்கீட்டுக் கணக்கின் வேர். இந்தத் தாள் தப்பாக இருந்தால் அடுத்த ஆண்டு ஒதுக்கீடும் தப்பாகும், கொம்பு, தோல் ஏற்றுமதியும் நிற்கும். அவசரத்தில், வண்டி உறுமிக்கொண்டிருக்கும்போது நீட்டுவார்கள். உட்கார்ந்து படியுங்கள். நீங்கள் கட்டிய தொகையும் தாளில் உள்ள தொகையும் ஒன்றா என்று பாருங்கள். எருமை ஒன்று என்று எழுதியதற்குக் கீழே இன்னும் ஐந்து வரி காலியாக இருக்கும். அவற்றின் குறுக்கே பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு, அதற்கப்புறம் கையெழுத்துப் போடுங்கள்.